பகிடியைக் கழித்துப் பாருங்கள்: அரசியல் மீம்ஸை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு டிஜிற்றல் அச்சுக் கடையில் வேலை செய்கிறேன். கல்யாண அல்பம், பூப்புனித நீராட்டு விழா பனர், கண்ணீர் அஞ்சலி, தேர்தல் வந்தால் துண்டுப்பிரசுரம் என்று எல்லாம் செய்வோம். 2024 நவம்பர் பொதுத்தேர்தல் நேரம், கடை பூட்டிய பிறகு பொழுதுபோக்காக மீம்ஸும் செய்துகொண்டிருந்தேன். ஒரு வேட்பாளரின் வாக்குறுதிகள் நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டே போயின. கொஞ்சம் நக்கலடிப்போம் என்று, செய்தி நிறுவனங்கள் போடும் செய்தி அட்டை மாதிரியே ஒன்றைச் செய்து, அவருடைய படத்துக்குக் கீழே "நான் வென்றால் நல்லூர்த் திருவிழா 25 நாள் அல்ல, 50 நாள்" என்று எழுதினேன். வலது மூலையில் சின்னதாகப் 'பகிடி' என்றும் போட்டேன்.

மூன்றாம் நாள் அது எங்கள் குடும்ப வட்ஸ்அப் குறூப்புக்கே வந்து சேர்ந்தது. மூலை வெட்டப்பட்டிருந்தது. கோண்டாவில் சின்னம்மா, "மெய்யே, அப்ப கொடியேற்றம் எப்ப வைப்பினம்?" என்று கேட்டிருந்தார். ரொறன்ரோ மாமா, சைவத்தை விளையாட்டாக நினைக்கிறார்கள் என்று நீண்ட பந்தி ஒன்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஏழு பேர் கும்பிடும் கை போட்டிருந்தார்கள். இது நான் செய்தது என்று சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அந்த இரண்டு நாளில் மாமா அதை எத்தனை குறூப்புக்கு அனுப்பினாரோ, தெரியாது.

அந்த வெட்கத்துக்குப் பிறகு, எனக்கு வரும் ஒவ்வொரு அரசியல் மீமையும் கடையில் வரும் வேலையைப் பார்ப்பது போலப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். அப்படிப் பிடிபட்டவற்றைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கட்சிக்காரருக்கும் பயன்படும், கட்சியே வேண்டாம் என்பவருக்கும் பயன்படும்.

முதலில்: இது எப்படி வேலை செய்கிறது

மீம் என்ற சொல்லை 1976-இல் உருவாக்கியவர் ரிச்சர்ட் டோக்கின்ஸ் என்ற உயிரியலாளர். ஒரு மெட்டோ, ஒரு பழக்கமோ, ஒரு எண்ணமோ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றிப் பெருகுவதைச் சொல்ல அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. படத்துக்கு மேலே வசனம் எழுதும் இன்றைய வழக்கம் அதற்குப் பல வருடம் கழித்து வந்தது. ஆனாலும் தொற்றுவது என்ற அந்தக் கருத்து இன்றைக்கும் பொருந்துகிறது.

தமிழ் மீம்ஸில் பாதி வடிவேலுவின் முகம். சென்னையில் இருப்பவருக்கும், சுன்னாகத்தில் இருப்பவருக்கும், ஸ்காபரோவில் பிறந்த பிள்ளைக்கும் அந்த முகத்தைக் கண்டவுடன் சிரிப்பு வரும். 2019 மே மாத இறுதியில், இந்தியப் பிரதமர் இரண்டாவது தடவை பதவியேற்ற அதே நாட்களில், வடிவேலு நடித்த, தலையில் சுத்தியல் விழுந்த நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள் என்ற பகிடி ருவிற்றரில் உலக அளவில் மேலே வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மேலிடத்து உத்தரவு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. முகம் ஏற்கனவே எல்லாரிடமும் இருந்தது.

பிரசாரம் செய்கிறவருக்கு இது பெரிய வசதி. முகத்தைக் கண்டு நீங்கள் சிரித்து முடிக்கும் நேரத்தில், கீழே எழுதியிருக்கும் வசனம் உள்ளே வந்துவிடும். கூட்டத்தில் ஒருவர் அதே வசனத்தை ஒலிவாங்கியில் சொன்னால் "என்ன ஆதாரம்?" என்று கேட்பீர்கள். மீமிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. கேட்டாலும் "பகிடிக்குத்தானே அண்ணை" என்று தப்பிவிடலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. மீம் பெரும்பாலும் குற்றச்சாட்டை முழுதாகச் சொல்லாது. பாதியைச் சொல்லி நிறுத்தும். மீதியைப் பார்க்கிறவர் தானே நிரப்புவார். தானே கண்டுபிடித்த ஒன்றை யாரும் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

மூன்றாவது, திரும்பத் திரும்ப வருவது. ஒரு கூற்றைப் பலமுறை கேட்டால் அது உண்மை போலத் தோன்றத் தொடங்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் 1977-இலேயே பரிசோதித்துக் காட்டினார்கள். ஒரே செய்தியைத் துண்டுப்பிரசுரமாக இருபது தடவை தந்தால் எரிச்சல் வரும். இருபது வேறு முகங்களில் இருபது பகிடியாகத் தந்தால் எரிச்சல் வராது, கூற்று மட்டும் மனதில் தங்கும்.

படி 1: வசனமாக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். படத்தை மறைத்துவிட்டு, மீம் சொல்ல வருவதை எழுவாய், பயனிலையோடு ஒரே வசனமாக எழுதுங்கள். மனதுக்குள் சொன்னால் போதாது. குறிப்பேட்டிலோ போனிலோ எழுத வேண்டும். பிறகு அந்த வசனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எழுவாய் யார்? இதை நான் என் பெயரில், சந்தியில் நின்று சொல்வேனா?

2022 போராட்டக் காலத்தைப் பாருங்கள். பசில் ராஜபக்சவைக் காகம் என்று சொல்லி, தெற்கில் மக்கள் வீதி வீதியாகக் காகம் போலக் கத்தினார்கள். படம், பாட்டு, காணொளி என்று காகம் இல்லாத இடமில்லை. அதை வசனமாக்கினால் இப்படி வரும்: "நிதியமைச்சராக இருந்த பசில் ராஜபக்ச நாட்டின் பொருளாதாரத்தைக் கெடுத்தார்." எழுவாய் ஒரு ஆள். அவர் 2021 ஜூலையிலிருந்து 2022 ஏப்ரல் வரை அந்தப் பதவியில் இருந்தவர். சொல்லப்படுவது அவர் செய்த வேலை பற்றி. சரியா பிழையா என்று வாதாடலாம். உண்மையில் வாதாடவும் பட்டது: பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்களில் அவரும் ஒருவர் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது. காகப் பகிடி வெறும் பகிடியாக மட்டும் நிற்கவில்லை. பெயரைச் சொல்லவே பயந்திருந்த ஒரு குடும்பத்தைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று அது காட்டியது. கொரோனாக் காலத்தில், 2020 நவம்பரில், அப்போதைய சுகாதார அமைச்சர் மந்திரித்த பானையை ஆற்றில் போட்டபோது வந்த மீம்ஸும் இந்த வகைதான். அவர் பானையைப் போட்டார். நாடு சிரித்தது. அதில் பொய் எங்கே?

இனி மற்றப் பக்கம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலந்து கொடுத்தார்கள் என்று ஒரு காணொளி பரவியது. கறிக்குள் கிடந்தது மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வில் தெரியவந்தது. சாப்பாட்டில் கலந்து ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று கிடையவும் கிடையாது. அதற்குள் கதை நாடெங்கும் போய்விட்டது. மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனயில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்ரகிராம் எல்லாவற்றையும் சுமார் ஒரு வாரம் முடக்கியது. அந்தக் கலவரத்தில் தன் தளம் பயன்படுத்தப்பட்டதற்காக 2020 மே மாதத்தில் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. அந்தக் கதையை வசனமாக்குங்கள்: "முஸ்லிம் கடைக்காரர்கள் எங்களை மலடாக்குகிறார்கள்." எழுவாய் ஒரு ஆள் அல்ல, ஒரு சமூகம். ஒரு கறியைச் சோதிக்கலாம், ஒரு சமூகத்தின் செய்கையைச் சோதிக்க வழியே இல்லை. இந்த இரண்டும் ஒன்றாக வந்தால் அந்தப் படம் எவ்வளவு சிரிப்பாக இருந்தாலும் என் போனில் அதற்கு இடமில்லை.

யாழ்ப்பாணத்தில் இதைச் சொல்லும்போது ஒன்றை விழுங்கிவிட்டுப் போக முடியாது. 1990 ஒக்ரோபர் 30-இல் இந்த நகரத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்து விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஒரு சமூகம் முழுவதும் ஒரு வசனத்தின் எழுவாயாக ஆனால் என்ன நடக்கும் என்பதற்கு நாங்கள் திகன வரை போகத் தேவையில்லை, சோனகதெரு வரை போனால் போதும். அந்த ஆட்களையும் அவர்களுடைய மீள்குடியேற்றத்தையும் கிண்டல் பண்ணி இன்றைக்கும் படம் வருகிறது. எழுதிப் பாருங்கள், எழுவாய் யார் என்று. சாதியை ஒளித்துவைத்த மீம்ஸும் அப்படித்தான். ஊர்ப்பெயரைச் சொல்வது போலச் சொல்லிச் சாதியைக் குத்துவார்கள். வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது, எங்களுக்கு நன்றாகவே விளங்கும்.

படி 2: படம் எங்கே பிறந்தது

வசனம் தேறிவிட்டதா? சரி, இனிப் படம். கூகிள் லென்ஸ் அநேகமான போன்களில் இருக்கிறது. படத்தை அப்படியே போட்டுத் தேடினால் அது மேலே எழுதியிருக்கும் வாசகத்தையே பிடித்துக்கொண்டு அதே மீமைத்தான் திரும்பக் காட்டும். ஆகவே எழுத்துகளை வெட்டிவிட்டு, புகைப்படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துத் தேடுங்கள். காணொளியாக இருந்தால் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்திப் படமெடுத்துத் தேடலாம். வரும் முடிவுகளில் எது பிரபலமானது என்று பார்க்காமல் எது பழையது என்று பாருங்கள். போன கிழமை நடந்ததாகச் சொல்லும் படம் 2017-இல் வேறு நாட்டுத் தளத்தில் இருந்தால் வேலை முடிந்தது.

கடல் விவகாரத்தில் இது அடிக்கடி நடக்கும். 1974-இல் இலங்கைக்கு என்று ஒப்பந்தமான கச்சதீவு வெறும் 285 ஏக்கர். ஆனால் இந்தியாவில் ஒவ்வொரு தேர்தலுக்கும் அது பெரிதாகிவிடும். 2024 மார்ச் 31 அன்று இந்தியப் பிரதமரே அதைப் பற்றிப் பதிவு போட்ட பிறகு சில கிழமைகள் எங்கள் போன்களும் அதனாலேயே நிறைந்தன. ஒரே படகுப் படம். இராமேஸ்வரத்து வாசகத்தோடு வந்தால் இலங்கைக் கடற்படையின் கொடுமை. பருத்தித்துறை வாசகத்தோடு வந்தால் இந்திய இழுவைமடிப் படகுக்காரரின் அட்டகாசம். இரண்டுமே உண்மையில் நடக்கும் விடயங்கள் என்பதுதான் சிக்கல். இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடை செய்தது, வலை அறுந்த கதை வடமராட்சியில் வீட்டுக்கு வீடு உண்டு. இங்கே கைதான தமிழ்நாட்டு மீனவர்களின் வீட்டுக் கண்ணீரும் பொய்யில்லை. அந்தக் குறிப்பிட்ட படம் மட்டும் இரண்டில் ஒன்றுக்கோ, எதற்குமே இல்லாமலோ இருக்கும்.

படத்தை மாற்றுவது புதிய வேலை அல்ல. 2009 மே மாதத்தில், தன் மரணச் செய்தியைப் பிரபாகரனே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பது போல ஒரு படம் தமிழ்நாட்டு இதழ் ஒன்றின் அட்டையில் வந்தது. அது ஒட்டுவேலை. ஆனால் எத்தனை வீட்டில் அதை வெட்டி வைத்திருந்தார்கள்! பொய் என்று தெரிந்தும் வைத்திருந்தவர்கள் உண்டு. அவர்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன். தாங்க முடியாத துயரத்தில் இருப்பவரிடம் பிரசாரம் ஆறுதல் உருவத்திலும் வரும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு. 2024 ஜனவரியில் சேலத்தில் நடந்த தி.மு.க. இளைஞரணி மாநாட்டில், 2018-இல் காலமான கருணாநிதி திரையில் பேசினார். அது செய்யப்பட்டது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் ஏமாறவில்லை. 2023 மாவீரர் நாளன்று பிரபாகரனின் மகள் துவாரகா என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒரு பெண் பேசும் காணொளி வந்தபோது கதை வேறு. இயந்திரமா, ஆள்மாறாட்டமா, உண்மையா என்று குடும்பங்களே இரண்டாகப் பிரிந்து வாதாடின. இப்படி வருபவற்றில் விரல் எத்தனை, கண் சிமிட்டுகிறதா என்று எண்ணிக்கொண்டிருப்பது இனி உதவாது, இயந்திரம் அதையெல்லாம் பழகிவிட்டது. முதலில் வெளியிட்டவர் யார், அவர் பெயர் சொல்லிப் பொறுப்பெடுக்கிறாரா, கேள்வி கேட்கக்கூடிய ஒரு செய்தியாளராவது அந்த இடத்தில் இருந்தாரா என்று பாருங்கள்.

படி 3: எழுத்தையும் சொல்லையும் பாருங்கள்

இது என் தொழில் பக்கம், கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் தமிழ் அச்சுவேலை என்றால் நீண்ட காலமாகப் பாமினி என்ற எழுத்துருதான். இப்போது யுனிகோடு வந்தாலும் அலுவலகங்களிலும் கடைகளிலும் பாமினி போகவில்லை. ஒவ்வொரு செய்தி நிறுவனமும் தன் செய்தி அட்டைக்கு ஒரே எழுத்துரு, ஒரே நிறம், லொகோவுக்கு ஒரே இடம் என்று வைத்திருக்கும். போலி செய்கிறவர் லொகோவைச் சரியாக வெட்டி ஒட்டுவார், எழுத்துருவில் கோட்டை விடுவார். திகதி இருக்காது, அல்லது திகதியைச் சுற்றி மட்டும் பின்னணி நிறம் மங்கலாக இருக்கும். சந்தேகம் வந்தால் அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அதே அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடம் ஆகாது. அங்கே இல்லையென்றால், அழித்திருப்பார்கள் என்று நீங்களாகவே சமாதானம் தேடாதீர்கள்.

எழுத்துருவைவிடச் சொல் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். யாழ்ப்பாணத்தில் நடந்ததாகச் சொல்லும் ஒரு அறிவித்தலில் 'மாவட்ட ஆட்சியர்' என்று இருந்தால், எழுதியவர் இங்கே இல்லை. எங்களுக்கு அவர் அரசாங்க அதிபர். 'ரேஷன் கடை' எங்களிடம் சங்கக்கடை. 'தாசில்தார்' இங்கே கிடையாது, பிரதேச செயலாளர். சட்டமன்ற உறுப்பினர் என்று இங்கே யாரும் இல்லை. இந்தச் சொற்கள் வந்தால், தமிழ்நாட்டில் செய்த படத்தில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். சந்தேகம்தான், தீர்ப்பல்ல. எங்கள் பெடியளே இப்போது யூரியூப் பார்த்துப் பார்த்துப் பாதி அப்படித்தான் எழுதுகிறார்கள்.

சிங்களத்திலிருந்து மொழிபெயர்த்து வருபவற்றில் இன்னும் கவனம் வேண்டும். மொழி மாறும்போது பகிடி மிரட்டலாகிவிடும். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கு மூன்று கிழமைக்குப் பிறகு, 2019 மே 12-இல், சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி பேஸ்புக்கில் அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு கொமென்ற் போட்டார். அடுத்த தாக்குதலுக்கான எச்சரிக்கை என்று அதைப் படித்துக்கொண்டார்கள். கல்லெறி, ஊரடங்கு, அடுத்த நாள் வடமேல் மாகாணத்தில் கலவரம், சமூக ஊடகங்களுக்கு மறுபடியும் தடை. ஒரு கொமென்றுக்கு.

படி 4: பக்கத்தின் சாதகத்தைப் பாருங்கள்

கல்யாணத்துக்குச் சாதகம் பார்க்கிறோம், கருத்தை வாங்குவதற்குப் பார்ப்பதில்லை. பேஸ்புக் பக்கத்தின் விபரப் பகுதியில் 'பக்க வெளிப்படைத்தன்மை' என்று ஒரு இடம் இருக்கிறது. எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயரில் இருந்தது, சில பக்கங்களுக்கு எந்த நாட்டிலிருந்து நடத்துகிறார்கள் என்பதும் தெரியும். சினிமாத் துணுக்கும் சமையலும் போட்டுக்கொண்டிருந்த ஒரு பக்கம் 2024 செப்ரெம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னர் ஊர்ப்பாசப் பெயரோடு அரசியல் பேசத் தொடங்கியதை நானே பார்த்தேன். பின்தொடர்ந்த ஆயிரக்கணக்கானோர் தோசைச் சம்பலுக்காக வந்தவர்கள். பேஸ்புக்கை நடத்தும் மெற்றாவின் விளம்பர நூலகத்தில் அந்தப் பக்கத்தின் பெயரைத் தேடினால் காசு கொடுத்து எதையெல்லாம் பரப்புகிறார்கள் என்றும் பார்க்கலாம்.

வெளிநாட்டிலிருந்து நடத்துவது குற்றமில்லை. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அங்கேதான். ஆனால் எழுதியவர் இங்கே நாளைக்குக் கடை திறக்க வேண்டியவரா, இல்லையா என்பது வசனத்தின் சூட்டில் தெரியும்.

எல்லாவற்றிலும் மோசமான வகையை அமெரிக்காவில் கண்டார்கள். 2016 மே 21 அன்று ரெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்ரன் நகரில் ஒரு இஸ்லாமிய நிலையத்துக்கு முன்னால் இரண்டு கூட்டம் எதிரெதிரே நின்று கத்தின. ஒரு கூட்டத்தை இஸ்லாமிய எதிர்ப்புப் பக்கம் ஒன்று அழைத்திருந்தது. மற்றக் கூட்டத்தை முஸ்லிம் ஆதரவுப் பக்கம் ஒன்று அழைத்திருந்தது. இரண்டு பக்கத்தையும் நடத்தியது ரஷ்யாவின் சென்ற் பீற்றர்ஸ்பேர்க்கில் இருந்த ஒரே நிறுவனம். அதற்கு ஏறக்குறைய 200 டொலர்தான் செலவானது என்று அமெரிக்க செனற் குழுவின் தலைவர் பின்னர் சொன்னார். எங்கள் பக்கத்தில் சைவம், கிறிஸ்தவம் என்று திடீரென்று சண்டை மூட்டும் இரண்டு பக்கங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த ஹூஸ்ரன் கதைதான் ஞாபகம் வரும். இரண்டையும் ஒரே ஆள் நடத்துகிறார் என்று சொல்லவில்லை. சாதகத்தைப் பார்க்கத் தூண்டும், அவ்வளவுதான்.

படி 5: நேரம்

இலங்கையில் வாக்களிப்புக்கு முன் 48 மணித்தியாலம் பிரசாரம் ஓய வேண்டும். கூட்டமும் ஒலிபெருக்கியும் ஓயும், வட்ஸ்அப் ஓயாது. இன்னார் போட்டியிலிருந்து விலகிவிட்டார், இன்ன சின்னத்துக்குப் போட்டால் வாக்கு செல்லாது போன்றவை அந்த இரண்டு இரவுகளில்தான் வரும், ஏனெனில் மறுக்க ஆளுக்கு நேரமிருக்காது. அந்த 48 மணித்தியாலத்தில் வரும் புதிய செய்தி எதையும் நான் நம்புவதுமில்லை, அனுப்புவதுமில்லை.

வட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஐந்து கை மாறியாவது வந்திருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்டதை ஒரு தடவையில் ஒரே ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்பலாம். ஆனால் யாராவது ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் புதிதாகப் போட்டால் அம்புக்குறி போய்விடும். அதனால் குறி இல்லாதது புதிது என்று எண்ண வேண்டாம். 2018-இல் ருவிற்றரை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், பொய்ச் செய்தி உண்மையைவிட 70 சதவீதம் அதிகமாகப் பகிரப்படும் வாய்ப்புண்டு என்று கண்டார்கள். அதைச் செய்வது பெரும்பாலும் இயந்திரக் கணக்குகள் அல்ல, மனிதர்கள்தான் என்பதையும் அவர்களே சொன்னார்கள். மாமாவும் சின்னம்மாவும் நானும்.

படி 6: குறூப்பில் என்ன செய்வது

சோதித்துப் பொய் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். இனித்தான் கஷ்டமான பகுதி.

நான் முதலில் செய்த பிழை, எல்லாருக்கும் முன்னால் திருத்தியது. ஒரு பொய்ப் படத்துக்குக் கீழே "பொய், ஆதாரம் இதோ" என்று இணைப்பைப் போட்டேன். மாமா அதற்கு, "தம்பி, நீ பிறக்க முந்தி நாங்கள் அரசியல் பார்த்தனாங்கள்" என்றார். அதோடு பேச்சு படத்தைவிட்டு மரியாதைக்குப் போய்விட்டது. பெரியவர் ஒருவரைப் பேரப்பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் பிழை பிடித்தால் அவர் படத்தைக் காப்பாற்ற மாட்டார், தன்னைக் காப்பாற்றுவார். படமும் கூடவே தப்பிவிடும்.

இப்போது தனியாகத்தான் எழுதுவேன். முதல் வரி படத்தைப் பற்றியே இருக்காது. "மாமா, சுகமா? அங்கை குளிர் தொடங்கீற்றோ?" பிறகு கேள்வி: "நீங்கள் போட்ட படம் எங்கை இருந்து வந்தது? நானும் தேடிப் பார்த்தன், 2017-இல் வேறை இடத்திலையும் இருக்கு." பழைய படத்தின் ஸ்கிரீன்ஷொட்டையும் கூட அனுப்புவேன். இணைப்பைத் திறக்க மாட்டார்கள், படத்தைப் பார்ப்பார்கள். பாதிப்பேர் தாங்களே அழித்துவிடுவார்கள். மீதிப்பேர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "உண்மையோ பொய்யோ, எங்கடை ஆக்கள் கவனமா இருக்கட்டும் எண்டுதான் போட்டனான்." இதற்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. "கவனமாய் இருக்க வேணும் எண்டால் உண்மையைப் போடுவம் மாமா. பொய்யைப் போட்டால் பிறகு உண்மையா வரேக்கையும் நம்பாயினம்." 1983-ஐக் கண்டவர்கள், 2009-ஐக் கண்டவர்கள். அவர்கள் பயம் விசர்ப்பயம் அல்ல. அந்தப் பயத்தை மதித்துப் பேசினால்தான் காது கொடுப்பார்கள்.

பொய்ப் படத்தைக் காட்டித்தான் விளக்க வேண்டும் என்றால், அதன் மேல் குறுக்கே பெரிதாகச் சிவப்பில் 'பொய்' என்று எழுதிவிட்டு அனுப்புங்கள். மூலையில் எழுதுவதால் வரும் பலனை நான் அனுபவித்துவிட்டேன். சிரிப்புக் குறி போட்டு "பாருங்கோ இந்த மொக்கை" என்று பகிர்வதும் பகிர்வதுதான், எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. நீங்களே தேட நேரமில்லை என்றால் பக்ட்சீக்கர், பக்ட் கிரெசென்டோ போன்ற உண்மை சரிபார்க்கும் தளங்கள் இலங்கை விடயங்களைத் தமிழிலும் எழுதுகின்றன.

படி 7: நீங்களே செய்கிறவர் என்றால்

அரசியல் மீம் செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நானும் இன்னும் செய்கிறேன். 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தேசிய மக்கள் சக்திக்குப் போனது. தெற்குக் கட்சி ஒன்று இங்கே முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. இன்னொரு ஆசனம், சாவகச்சேரி வைத்தியசாலையிலிருந்து பேஸ்புக் நேரலையில் பேசியே பெயரெடுத்த மருத்துவர் ஒருவரின் சுயேச்சைக் குழுவுக்கு. பழைய கட்சிகள் மேடை போட்டுக்கொண்டிருந்தபோது ஊர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. மீம் செய்யாமல் ஒதுங்கினால் அந்த இடத்தை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

என் விதிகள் மூன்று. செய்தி அட்டை வடிவத்தில் பகிடி செய்ய மாட்டேன், எவ்வளவு சிரிப்பு வந்தாலும். ஒருவர் சொல்லாததை மேற்கோள்குறிக்குள் போட மாட்டேன். உண்மையில் நடந்த கொடுமைக்கு இயந்திரத்தில் படம் செய்ய மாட்டேன். மூன்றாவதை அழுத்திச் சொல்கிறேன். செம்மணிப் புதைகுழியில் 2025-இல் ஒரு பிள்ளையின் எலும்போடு நீலப் புத்தகப் பையும் பொம்மையும் வெளியே வந்தன. அதற்கு மேல் எந்தப் படமும் தேவையில்லை. கண்ணீர் வரவேண்டும் என்று ஒருவர் மென்பொருளில் எலும்புக்கூடு செய்து போட்டால், நாளைக்கு எதிர்த்தரப்பு அந்த ஒன்றைத் தூக்கிக் காட்டி எல்லாமே சோடனை என்று சொல்லும். நல்ல எண்ணத்தோடு செய்த படம் எதிராளிக்குச் சாட்சியாகிவிடும்.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். 2024-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் பொய்க் கூற்றுக்குச் சிறையும் தண்டமும் உண்டு. எது பொய் என்று தீர்மானிக்க ஒரு ஆணைக்குழு என்பதால் ஊடக, உரிமை அமைப்புகள் அதைக் கடுமையாக எதிர்த்தன, எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை. 2024 நவம்பர் மாவீரர் நாளை ஒட்டிய முகநூல் பதிவுகளுக்காகச் சிலரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்தார்கள். ரொறன்ரோவிலிருந்து அனுப்பியவருக்கு ஒன்றும் நடக்காது. இங்கிருந்து பகிர்ந்த பெடியன்தான் பொலிஸுக்குப் போய் நிற்க வேண்டும். இளையவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள், பயமுறுத்தும் தொனியில் அல்லாமல்.

என்னுடைய 50 நாள் திருவிழா இன்னும் ஓயவில்லை. அதை அழித்துவிட்டேன், மன்னிப்பும் போட்டேன், ஆனாலும் நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கும்போது எங்கிருந்தாவது எட்டிப்பார்க்கிறது. போன முறை யாரோ வேட்பாளரின் முகத்தை எடுத்துவிட்டு வேறு ஒரு கட்சிக்காரரின் முகத்தைப் போட்டிருந்தார்கள். எழுத்துரு நான் போட்டதுதான். சின்னம்மா அதைக் குறூப்பில் போடவில்லை. எனக்குத் தனியாக அனுப்பிவிட்டுக் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "டேய், இதுவும் உன்ர வேலையோ?"